கடன் வாங்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்
(புழல் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியது)



போன வருஷம் நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா ஒரு லட்சம் கடன் கேட்டாங்க. கணவருக்கு இரைப்பையில் புற்றுநோய். மூளைக்கும் பரவிவிட்டது. "பணம் கட்டினா கட்டாயம் குணமாகும்னு ஒருத்தர் சொல்றாரு. மீதிய மீட்டர் வட்டிக்கு வாங்கிக்கிறேன்" என்று அழுதாங்க. எங்களுக்கும் பதில் தெரியலை. மறுநாள் அக்காவோடு அரசு மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடமே கேட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் கல்லீரல், வயிற்று உள்சவ்வு, நுரையீரல் பக்கம்தான் பரவும். மூளைக்குப் போவது அபூர்வம். போனால் தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் வரும். இதைப் பார்த்துப் "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கப் போய் நாளை வீணாக்கக் கூடாது.

முதலில் மூளை வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மருந்து தருவாங்க. தலைவலி குறையும். வலிப்புக்கு மாத்திரை உண்டு. ஒரே ஒரு கட்டி, உடம்பும் தெம்பாக இருந்தால் ஆபரேஷன், அல்லது அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு. பல கட்டி என்றால் மூளை முழுவதும் கதிர்வீச்சு. கீமோ மருந்துகள் பல மூளைக்குள் சரியாகப் போய்ச் சேராது. இந்த நிலையில் முழுக் குணம் மிக அரிது. நோயாளி வலியில்லாமல், நினைவோடு இருக்க வேண்டும் என்பதற்குத்தான் பெரும்பாலும் சிகிச்சை.

டாக்டரிடம் இந்த நான்கையும் கேளுங்கள்:

1. இந்தச் சிகிச்சை நோயைக் குணப்படுத்தவா, கஷ்டத்தைக் குறைக்கவா?
2. செய்தால் என்ன பலன், செய்யாவிட்டால் என்ன ஆகும்?
3. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா?
4. வீட்டில் வலி வந்தால் என்ன மருந்து, யாரைக் கூப்பிடுவது?

காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவங்க ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழோடு இன்றே விண்ணப்பியுங்கள். நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி இருக்கு. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் இருக்கு. கடும் வலிக்கு மார்பின் மாத்திரை தருவாங்க. டாக்டர் சொன்ன அளவில் வலிக்குச் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் ஆதரவு சிகிச்சை தர்றாங்க.

அன்று குழு என்ன செய்தது? ஒரு லட்சம் கொடுக்கலை. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் அவசரக் கடன் 10,000 ரூபாய் என்று தீர்மானம் எழுதியது. உறுப்பினர்கள் முறை வைத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்தாங்க. ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் கொடுத்த பிறகு அண்ணன் சில வாரம் தெளிவாகப் பேசினார். மகளுக்குக் கணக்குப் பாடம்கூடச் சொல்லிக்கொடுத்தார். இன்று அவர் இல்லை. ஆனால் அக்கா வீட்டுக் கதவைத் தட்ட வட்டிக்காரரும் இல்லை.

கடைசியாக ஒன்று. அந்த அண்ணன் பல மாசம் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டே காலம் தள்ளினார். பசியின்மை, எடை குறைவு, கறுப்பு மலம், அடிக்கடி வாந்தி இருந்தால் எண்டோஸ்கோபி பாருங்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பைப் புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் காரணமாகலாம். அதைக் கண்டறிந்த இரண்டு டாக்டர்களுக்கு 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரையால் அதைக் குணப்படுத்தலாம். புகையிலையை விடணும், உப்புக் கருவாடு, ஊறுகாயைக் குறைக்கணும்.

இந்த நான்கு கேள்விகளையும் உங்கள் குழுவின் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.