இடம் பிடிப்பதா, இடம் கொடுப்பதா?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெப் பக்கம் வடிவமைக்கும் மாணவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட், பொசிஷன், இதுல எதுங்க நல்லது?" எது எந்த வேலைக்கு என்று கேட்டுப் பாருங்கள், பதில் சுலபமாகக் கிடைக்கும்.

1990களில் பத்தி பிரிக்கக் கையில் இருந்தது டேபிள்தான். விலைப்பட்டியலுக்கென்று வந்த டேபிளை வைத்துப் பக்கம் முழுவதையும் கட்டினார்கள். 1996இல் சி.எஸ்.எஸ். வந்தது. படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்கான ஃப்ளோட்டைப் பிடித்துப் பிற்பாடு பத்தி பிரித்தார்கள். இரண்டுமே வேறு வேலைக்கு வந்த கருவிகள். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்த பிறகு அந்தச் சிரமம் தேவையில்லை.

சோமனூர்த் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். பாவும் ஊடையும் போல, நெடுக்கையும் குறுக்கையும் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டுமென்றால் கிரிட். ஒரே வரிசை என்றால் ஃப்ளெக்ஸ்பாக்ஸ். அது டவுன் பஸ் சீட்டு மாதிரி. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றால் இருக்கிற இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். அப்சல்யூட் பொசிஷன், ஆணி அடித்து மாட்டிய காலண்டர். அது இருப்பதே மற்றவற்றுக்குத் தெரியாது, ஒதுங்கியும் கொடுக்காது. படத்தின் மூலையில் "புதியது" என்று ஒட்டுவதற்குச் சரி. பக்கத்தையே அதில் கட்டினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

இதில் தமிழுக்கு என்ன என்கிறீர்களா? 2010 ஜூனில் இதே கோவையில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. தமிழ் எழுத்து இன்று எல்லாத் திரையிலும் வந்துவிட்டது. அதற்கு இடம் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. "ஹோம்" என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பெட்டியில் "முகப்புப் பக்கம்" அடங்காதுங்க. உயரத்தைப் பிக்சலில் இறுக்கிக் கட்டினால் இரண்டாவது வரி வெட்டுப்படும், அல்லது கீழே உள்ளதன்மேல் விழும். கண் மங்கிய பெரியவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி மஞ்சள் விலை பார்க்கிறார் என்று வையுங்கள். விலை மறைந்து போனால் நட்டம் அவருக்குத்தான்.

ஆகவே அகலம், உயரத்தை உள்ளடக்கமே தீர்மானிக்க விடுங்கள். கிரிட்டில் பெட்டிகளை இடம் மாற்றிக் காட்டலாம். ஆனால் பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருள் பெரும்பாலும் நீங்கள் எழுதிய வரிசையில்தான் படிக்கும். அதனால் முதலில் எழுதும் வரிசை சரியாக இருக்கட்டும்.

பக்கத்தை முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மிக நீளமான தமிழ்ச் சொல்லைப் போட்டு, எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கி, சின்ன போனில் திறந்து பாருங்கள். எதுவும் மறையாமல் நின்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த முறை சரி. மறைந்தால், எங்கே ஆணி அடித்தோம் என்று தேடுங்கள்.