கறவை மாடு வாங்குமுன்



சிங்கப்பூருக்குச் செல்லும் நம்மவர் தேக்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்குள்ள பஃபலோ சாலைக்கும் கெர்பாவ் சாலைக்கும் அப்பெயர்கள் வந்த காரணத்தை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? மலாய் மொழியில் 'கெர்பாவ்' என்றால் எருமை; 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். 19-ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மாட்டுக் கொட்டில்கள் நிறைந்திருந்தன. பெலிலியோஸ் என்னும் கால்நடை வணிகரின் பெயரை அங்கே ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

மாடுகளை ஏன் அவ்விடத்தில் வளர்த்தனர்? ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் அது. நீரும் புல்லும் குறைவின்றிக் கிடைத்தன. சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டு வீடுகளும் கடைகளும் பெருகியபின், 1930-களில் அத்தொழில் அங்கே நலிந்து மறைந்தது.

தோட்டத்தில் வாழும் நமக்கு இச்செய்தி எதற்கு என்று கேட்கலாம். பசு வாங்கப் புறப்படுவோர் முதலில் அதன் நிறத்தையும் மடியையும் பார்க்கின்றனர். நீரையும் புல்லையும் பார்ப்பதில்லை. கறவைப் பசுவுக்கு வெயில் நாளில் 60 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். பசும்புல் 25 முதல் 30 கிலோ வேண்டும். அதற்குமேல், இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் தவிடும் செம்பனைப் பருப்புப் புண்ணாக்கும் கலந்த தீனி தரவேண்டும்.

கருப்பும் வெள்ளையுமான ஃபிரீசியன் பசு குளிர்நாட்டு இனம். புக்கித் தீமாவில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் 1930-களில் அவ்வினத்தைப் பண்ணையில் வளர்த்தது. ஆனால் அது வசதிமிக்க நிறுவனம். நம் வெப்பத்தில் அப்பசு தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். சாகிவால் இனத்தோடு கலந்து மலேசியாவில் உருவாக்கிய மாஃப்ரிவால், அல்லது நாட்டு மாட்டுக் கலப்பினம் லயத்துக் கொட்டிலுக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

இனி, பலரும் நட்டமடையும் இடத்திற்கு வருவோம். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அதன் அறிகுறி இரவிலும் விடியலிலுமே மிகுதியாகத் தெரியும். அந்நேரத்தில் நாமோ பால்மரம் சீவப் புறப்பட்டுவிடுகிறோம்! ஒருமுறை தவறவிட்டால் மூன்று வாரத் தீனி வீண். ஆகவே வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் இப்பொறுப்பை ஒப்படையுங்கள். ஓயாத கத்தல், கண்ணாடி போன்ற வழும்பு, மற்றொரு மாடு மேலேறும்போது விலகாமல் நிற்பது ஆகியவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்யவேண்டும். கால்நடை இலாகாவுக்கு உடனே சொல்லியனுப்புங்கள்.

சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்துங்கள். கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். சீம்பாலைக் கறந்து பக்கத்து வீடுகளுக்குப் பங்கிடுவோர் கன்றுக்குப் போக மிஞ்சியதையே பங்கிடட்டும். ஒவ்வொரு கறவையிலும் முதற்பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி தென்பட்டால் மடிநோய், வைத்தியரை அழையுங்கள்.

தோட்டத்துக்கே உரிய ஓர் ஆபத்து களைக்கொல்லி. முற்காலத்தில் சோடியம் ஆர்சனைட் தெளித்த புல்லை மேய்ந்து மாடுகள் மாண்டதுண்டு. மலேசியாவில் பாராகுவாட் 2020-இல் தடைசெய்யப்பட்டது. எனினும் வேறு மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. மறுநாள் எந்த நிரையில் மருந்தடிப்பு என்று முதல் நாளே கங்காணியிடம் கேட்டறிந்து, மாட்டை வேறு பக்கம் கட்டுங்கள்.