மொழிக்குள் ஒரு மொழி



ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அவ்வட்டாரத்தில் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பல உள்ளன. அத்தகைய ஆலையொன்றில், கடைசல் முடிந்த எஃகுத் தண்டுகள் வரிசையாக வருவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் விட்டத்தையும் கருவியொன்று அளக்கிறது. அளவு சற்றே மாறினால், அது தற்செயலா, உளி தேய்ந்ததன் அறிகுறியா? அடுத்த தண்டு வருமுன் விடை வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்க அறிஞர் வால்டர் ஷூஹார்ட். 1924-இல் அவர் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார். சராசரிக்கு இருபுறமும் திட்டவிலக்கத்தின் மும்மடங்கில் எல்லை இடுவது அதன் வழக்கம். இயல்நிலைப் பரவலில் 10,000 அளவுகளுள் ஏறத்தாழ 27 மட்டுமே தற்செயலாக அவ்வெல்லையைத் தாண்டும்.

அளவுக் கருவியை இயக்கும் நிரல் பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் போன்ற மொழியில் அமையும். முன்னரே இயந்திர மொழியாக்கப்படுவதால் அது விரைவு மிக்கது; ஆனால் சூத்திரம் ஒன்றை மாற்றினாலும் நிரலை மீண்டும் இயந்திர மொழியாக்க வேண்டும். புள்ளியியலுக்கென்றே பிறந்த ‘ஆர்’ மொழியோ, எழுதிய வரியை அப்போதே படித்து இயங்குவது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் 1990-களில் இதனைத் தோற்றுவித்தனர். நம் நாட்டு மகலனோபிஸ் 1936-இல் வகுத்த தொலைவளவும் அவர் பெயராலேயே இதில் இடம்பெற்றுள்ளது. விட்டம், நீளம் எனப் பல அளவுகளை ஒருங்கே சீர்தூக்க அஃது உதவும்.

இவ்விரு மொழிகளையும் இணைப்பது எங்ஙனம்? அளவுகளைக் கோப்பில் எழுதி, ஒவ்வொரு முறையும் ஆர் மொழியைத் தனியே தொடங்கி விடை பெறலாம். ஒவ்வொரு கவளத்துக்கும் புதிதாக அடுப்பு மூட்டுவது போன்றது அது. மாறாக, ஆர் மொழியின் இயக்கியைச் சி பிளஸ் பிளஸ் நிரலுக்குள்ளேயே குடியமர்த்தலாம். டிர்க் எடல்பியூட்டல், ரொமேன் பிரான்சுவா ஆகியோரின் ‘ஆர்இன்சைடு’ இதனை எளிதாக்குகிறது. இயக்கி ஒருமுறை விழித்தெழுந்தால் போதும். பின்னர் அளவுகளை நினைவகத்திலேயே பெற்று விடை தரும்.

ஆயினும், உடன் குடியிருப்பவரின் தவறு வீட்டையே தாக்கும். ஆர் வரியில் நேரும் பிழையைத் தாங்கிக்கொள்ள நிரலில் ஏற்பாடு இல்லையெனில், முழு நிரலுமே நின்றுவிடக்கூடும். அன்றியும், அவ்வியக்கி ஒரு நேரத்தில் ஒரு வேலையையே ஏற்கும். ஆகவே, எந்திரத்தின் அவசர நிறுத்தம் இக்கணக்கை நம்பியிராமல் தனி மின்சுற்றில் இருத்தல் வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்வேன். தண்டின் விட்டத்தைக் கணக்கு காக்கட்டும். தொழிலாளியின் கையை அந்தச் சுற்று காக்கட்டும்.