புள்ளிகளை இணைத்த கதை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் என்பதால் சீனி வருத்தம், பிரஷர் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். சங்கச் செயலாளர் அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் நான் மறுபடியும் மாணவியான கதை அது.

வெள்ளிக்கிழமை இரவு ஹட்டனில் தபால் ரயில் ஏறி, விடியக் கோட்டையில் இறங்கி, கணினி விஞ்ஞான வகுப்பில் போய் உட்காருவேன். பாடத்தின் பெயர் தரவுக் காட்சிப்படுத்தல். எண்களைப் படமாக்கும் கலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லோரும் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பைதனில் நான் ஒரு வரி எழுதுவதற்குள் அவர்கள் ஒரு வரைபையே முடித்துவிடுவார்கள். கல்குலேட்டரைத் தொடவிடாமல் நம் கணித டீச்சர் போட வைத்த கணக்குகள் மட்டும் கைகொடுத்தன.

முதல் நாள் விரிவுரையாளர் நான்கு அட்டவணைகளைக் காட்டினார். 1973இல் பிரான்சிஸ் அன்ஸ்கோம் என்ற புள்ளிவிபரவியலாளர் உருவாக்கியவை. ஒவ்வொன்றிலும் 11 சோடி எண்கள். சராசரியைப் பார்த்தால் நான்கும் ஒன்றுதான். பொருத்தும் நேர்கோடும் ஒன்றுதான். படமாக வரைந்தபோது வகுப்பே சிரித்தது. ஒன்றில் புள்ளிகள் கோட்டையொட்டிச் சிதறிக் கிடந்தன. ஒன்று வில்லாக வளைந்தது. இன்னொன்றில் தனியாக நின்ற ஒரு புள்ளி கோட்டையே தன் பக்கம் சாய்த்திருந்தது. கடைசியில் பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, ஒன்று மட்டும் தூரத்தில் நின்றது. இருபது வருடமாக அறிக்கைகளில் சராசரியை மட்டும் வாசித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் ஒப்படையில் என் புள்ளி பரிதாபம். வட்ட வரைபை முப்பரிமாணத்தில், நிழலெல்லாம் போட்டு, தீபாவளிக் கேக் மாதிரி செய்து கொடுத்தேன். மனிதக் கண் கோணத்தை விட, ஒரே அளவுகோலில் அமைந்த நிலையைத்தான் சரியாக ஒப்பிடும் என்று கிளீவ்லன்ட், மக்கில் என்ற இருவர் 1984இலேயே பரிசோதித்துக் காட்டிவிட்டார்கள். அதன்பிறகு சலாகை வரைபுதான்.

இரண்டாம் ஒப்படைக்கு 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டை எடுத்தேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நாடு முழுவதும் 17.3 வீதம். அந்த எண்ணை வைத்து அழகாக ஒரு வரைபு போட்டேன். பக்கத்தில் இருந்த மாத்தறைப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "டொக்டர், நீங்க எஸ்டேட்தானே? இதுல எஸ்டேட் எங்க?" என்று கேட்டாள்.

பிரித்து வரைந்தேன். தோட்டத்துறை 31.7 வீதம். இந்த எண்ணை நான் முன்பே வாசித்திருக்கிறேன், மாநாடுகளில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் மற்ற இரண்டு சலாகைகளுக்குப் பக்கத்தில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு நீண்டு நின்றதைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி தோட்டத்துறை மக்கள் நாட்டில் 4.4 வீதம்தான். நம்மைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாட்டின் சராசரி ஒரு வீதம்கூட அசையவில்லை. நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த எண் கிட்டத்தட்ட அப்படியேதான்.

என் அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போடுவார். முழுப் பேர் கிடைத்த நாளுக்கு நீளக் கோடு, அரைப் பேருக்குக் குட்டைக் கோடு. சம்பளத் துண்டு வந்ததும் என்னை வாசிக்கச் சொல்லிச் சுவரோடு ஒப்பிடுவார். ஒரு மாதம் இரண்டு பேர் குறைந்ததைக் கண்டுபிடித்து, போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தார். சுவரைக் கரியாக்கியதற்கு அப்பா ஏசுவார், அது வேறு.

இறுதிச் செயற்திட்டத்திற்குத் தலைப்புத் தேடியபோது அந்தச் சுவரும், கூடவே ஒரு குழந்தையும் நினைவுக்கு வந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் இருமலுக்காக ஒரு பெண் குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார்கள். பதின்மூன்று மாதம். பிள்ளைச் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்தேன், நிறை 8.3 கிலோ. புள்ளி பச்சைக்குள் இருந்தது. மருந்து எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து வந்தபோது 8.4. அன்றுதான் முந்தைய புள்ளிகளைப் பார்த்தேன். எட்டாம் மாதத்திலேயே 8.1 கிலோ இருந்திருக்கிறாள். தாய் மலைக்குத் திரும்பி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விடத் தொடங்கிய காலம் அது. பத்து மாதத்தில் முந்நூறு கிராம். புள்ளிகளை யாரோ ஒழுங்காக வைத்திருந்தார்கள், ஆனால் இணைத்துக் கோடு போடவில்லை. நானும்தான் போடவில்லை. நான் கடைசிப் புள்ளியின் நிறத்தை மட்டும் பார்த்தேன்.

தாயின் கையில் இருக்கும் வளர்ச்சி அட்டையைப் பரவலாக்கியவர் டேவிட் மோர்லி என்ற வைத்தியர். 1950களின் இறுதியில் நைஜீரியக் கிராமமொன்றில் வேலை செய்தவர். அட்டை தாயின் வீட்டில் இருக்க வேண்டும், எழுத்தறியாத தாய்க்கும் கோட்டின் திசை விளங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்று நம் பதிவேட்டில் இருப்பது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளைவுகள். இந்தியாவும் ஓமானும் உட்பட ஆறு நாடுகளில், ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை அளந்து செய்தவை. வளைவில் குறையில்லை. ஆனால் சின்னக் கட்டங்கள், நெருக்கமான கோடுகள். லயத்து வெளிச்சத்தில் யாருக்குத் தெரியும்?

அதே வளைவுகளைப் பெரிதாக்கினேன். தேவையில்லாத கோடுகளை எடுத்தேன். மாதத்திற்கு மாதம் ஏற்றமா, சமமா, இறக்கமா என்பது மட்டும் முதலில் கண்ணில் படும்படி செய்தேன். வாசிக்க வேண்டியவர்களிடம் காட்டிவிட்டு வராமல் புள்ளி தரமாட்டேன் என்றார் விரிவுரையாளர். ஆகவே பெரிய தாளில் அச்சடித்து ஒரு பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோனேன். கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெண்கள் பதினொரு பேர் சுற்றி நின்றார்கள். பெயரில்லாமல் அந்தக் குழந்தையின் நிறைகளை வைத்து வரைந்த கோட்டைக் காட்டி, எதுவும் விளக்காமல், என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

கூடையை இறக்கி வைத்த ஒரு தாய் எட்டாம் மாதத்தில் விரலை வைத்தார். "மத்த கோடெல்லாம் மலை ஏறுது. இது மட்டும் இங்க இருந்து ரோடு மாதிரி போகுதே" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட அப்பவே சொன்னாங்களா டொக்டர்?" என்று கேட்டார்.