கைவந்ததே காணிக்கை

திருச்சிற்றம்பலம்.



பெருவிழாவின் இந்நன்னாளில் அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் ‘கைவந்ததே காணிக்கை’ என்பதாகும். அவரவர்க்கு இயல்பாக அமைந்த ஆற்றல் எதுவோ, அதனை அன்றாட வாழ்விலேயே நற்பணிக்கு ஆக்கினால் மனநிறைவு தானே வந்து பொருந்தும் என்பது இதன் கருத்து. இதனைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாள்தோறும் வலம் வருகின்ற திருச்சுற்றிலேயே இக்கருத்து வரிசையாக நின்றுகொண்டிருக்கிறது. அறுபத்துமூவர் திருவுருவங்களையே குறிப்பிடுகின்றேன்.

மயிலைக் கபாலீச்சரத்தில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் இவ்வடியார்கள் வீதி வலம் வருகின்றனர். அன்று அவர்களைக் கண்டு கைகூப்பும் மக்களுக்கு அளவில்லை. அங்ஙனம் வணங்கப்பெறுவோர் யாவர்? அரசர் உண்டு, அமைச்சர் உண்டு, வேதம் ஓதிய அந்தணர் உண்டு. அவர்களோடு ஒரே வரிசையில் மட்பாண்டம் வனைந்தவர், ஆடை வெளுத்தவர், வலை வீசியவர், தறி நெய்தவர், செக்காட்டியவர், ஆநிரை மேய்த்தவர், யாழ் இசைத்தவர் ஆகியோரும் நிற்கின்றனர். இவர்களுள் யாரும் தம் தொழிலை விட்டுவிட்டுப் பின்னர்த் தொண்டு செய்யப் புகுந்தவர் அல்லர். தொழிலே தொண்டாயிற்று. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டர் குயவர். அவர் அடியார்க்குத் திருவோடு வனைந்து அளித்தார். காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர் அடியார்தம் ஆடையை வெளுத்து அளித்தார். மங்கலத்து ஆனாயர் பசுக்களை மேய்த்த இடத்திலேயே, கொன்றை மரத்தினைக் கண்டு உளமுருகி, கையிலிருந்த குழலில் ஐந்தெழுத்தை வாசித்தார்.

12-ஆம் நூற்றாண்டில் இவ்வரலாறுகளைப் பெரியபுராணமாக அருளிய சேக்கிழார் பெருமான், நேச நாயனாரைப் பற்றிக் கூறும் இடம் நாம் ஊன்றி நோக்கத் தக்கது. நேசர் நெசவுத் தொழிலர். அவருடைய மனம் இறைவன் திருவடியை நினைப்பதற்கு ஆயிற்று. வாக்கு ஐந்தெழுத்தை ஓதுவதற்கு ஆயிற்று. கை அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்வதற்கு ஆயிற்று. மனம் ஓரிடம், வாக்கு வேறிடம், கை மற்றோரிடம் என்று சிதறிக் கிடப்பதே நம் வாழ்வின் களைப்புக்குக் காரணம். நேசருக்கு அம்மூன்றும் ஒன்றையே நோக்கி நின்றன. நிறைவு என்று நாம் வெளியே தேடுவது இவ்வொருமைப்பாட்டையே அன்றோ?

இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘கை வருந்தொழிலைச் செய்தால் நிறைவு உண்டாகும் என்கிறீரே, அத்தொழில் பலன் தராத நாளில் என் செய்வது?’ என்று கேட்கலாம். நியாயமான வினாவே. நாகையில் வாழ்ந்த அதிபத்த நாயனார் வாழ்வில் அத்தகைய நாள் வந்தது. பிடிபடும் மீன்களில் தலையான ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விடுவது அவர் வழக்கம். நாள் முழுதும் ஒரே ஒரு மீனே கிடைக்கும் காலம் வந்தபோதும் அதனையே விட்டார். சுற்றத்தார் பசியால் வருந்தினர். அவர் உடலும் தளர்ந்தது. பின்னர்ப் பொன்னும் மணியுமாகிய மீன் ஒன்று வலையில் அகப்பட்டபோது, அதனையும் அவ்வாறே விட்டார். வறுமையும் செல்வமும் அவர் வலை வீசும் நோக்கத்தை மாற்றவில்லை.

திருவொற்றியூர்க் கலிய நாயனார் வரலாறு இதனினும் நெஞ்சை உருக்குவது. திருக்கோயிலில் விளக்கேற்றுவது அவர் பணி. செல்வம் முழுதும் தேய்ந்தது. அப்போது அவர், ‘கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லையே’ என்று அமர்ந்துவிடவில்லை. தம் குலத்தாரிடம் எண்ணெய் பெற்று விற்றார். அதுவும் நின்றபோது கூலிக்குச் செக்காட்டினார். பொருள் போயிற்று, தோள்வலியும் தொழிலறிவும் எஞ்சின, எஞ்சியதைக் கொண்டு விளக்கு எரிந்தது. அவ்வழியும் அடைபட்டபோது தம் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்தார். இறைவனே அவர் கையைப் பிடித்துத் தடுத்தான். அம்முடிவைப் பின்பற்றுக என்று யாரும் கூறமாட்டார். அவன் தடுத்தான் என்பதே நமக்குரிய செய்தி. இழந்ததை எண்ணி மாளாமல், எஞ்சியது எது என்று பார்த்த அப்பார்வையே நாம் கற்க வேண்டுவது.

கண்ணொளி இல்லாத தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தோண்டப் புகுந்தார். இருபுறமும் தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணைச் சுமந்து கொட்டினார். இல்லாத கண்ணைப் பற்றிப் பிறர் இகழ்ந்தனர். அவரோ, உள்ள கையைப் பற்றி எண்ணினார். திருநின்றவூர்ப் பூசலாரிடம் கோயில் கட்டப் பொருள் இல்லை, சிந்தை இருந்தது. அதிலேயே கல் அடுக்கிக் கோயில் எடுத்தார். காஞ்சியில் காடவர்கோன் எடுத்த கற்கோயிலின் குடமுழுக்கு நாளை இறைவன் மாற்றச் செய்தது, பூசலாரின் மனக்கோயிலுக்கு முதலில் எழுந்தருளும் பொருட்டே அன்றோ?

இனி, நம் இல்லங்களை நோக்குவோம். ஒரு பிள்ளைக்குக் கணக்கு வருகிறது. மற்றொரு பிள்ளைக்குக் கருவிகளைப் பிரித்துப் பூட்டும் கை வாய்த்திருக்கிறது. வேறொரு குழந்தை நோயுற்ற பாட்டியின் அருகே பொறுமையுடன் அமர்ந்து தொண்டு செய்கிறது. நாமோ மூன்று பிள்ளைகளையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் நிறுத்தி, ‘அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்’ என்கிறோம். தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று உயிரையே மாய்த்துக்கொள்ளும் இளஞ்செல்வங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். பெற்றோர்களே, இதனை உள்ளம் நடுங்கச் சிந்திக்க வேண்டும். செக்காட்டுபவரைக் குழல் ஊதுக என்றோ, குழல் ஊதுபவரை வலை வீசுக என்றோ இறைவன் ஆணையிட்டான் என்று புராணத்தில் யாண்டும் காணோம். அவன் கேளாத ஒன்றை நாம் நம் மக்களிடம் கேட்பது முறையோ?

தாய்மார்களுள் சிலர், ‘எனக்கு என்ன திறமை இருக்கிறது?’ என்று கூறக் கேட்கிறோம். அன்னதானக் கூடத்தில் நூறு பேருக்கு உப்பும் புளியும் பிசகாமல் சமைப்பது திறமை அன்றோ? விடியலில் சந்நிதி வாயிலில் இழை கோணாமல் கோலமிடுவது கலை அன்றோ? கோயில் விளக்கிற்கு மின்கம்பி பழுதுபார்க்கும் தொழிலாளியும், உண்டியல் கணக்கை ஒரு காசும் தவறாமல் எழுதும் எழுத்தரும், வரிசையில் நிற்கும் முதியவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் இளைஞரும் தத்தம் திறமையை அன்றோ காணிக்கை ஆக்குகின்றனர்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘இதுவே என் திறமை, வேறெதனையும் தொடேன்’ என்பது செருக்காகிவிடும். திருநாவுக்கரசர் பெருமானினும் சொல்வளம் உடையார் யார்? அவரே உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில்களில் புல் செதுக்கினார். திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்த காலத்தில் இறைவன் நாள்தோறும் பொற்காசு அருளினான். ஞானசம்பந்தர் பெற்ற காசுக்கு வட்டம் கொடுத்து மாற்ற நேர்ந்தது. நாவுக்கரசர் பெற்ற காசு குறைவின்றிச் செல்லுபடியாயிற்று. அவர் கைத்தொண்டு செய்தமையே அதற்குக் காரணம் என்கிறார் சேக்கிழார். சிறப்பாக வருவதை உவந்து செய்க. தேவைப்படும் சிறு பணியையும் ஒதுக்காமல் செய்க.

ஆதலின், அன்பர்களே! இன்றிரவு இல்லம் சேர்ந்தபின் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். எந்தப் பணியைச் செய்யும்போது எனக்குப் பொழுது போவது தெரிவதில்லை? அப்பணியால் யாருடைய துன்பம் குறையும்? நாளை அதற்கு ஒரு நாழிகையேனும் ஒதுக்க இயலுமா? விடை பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஓர் ஓடு, ஓர் ஆடை, ஒரு மீன், ஒரு விளக்கு ஆகியனவே அடியார்களை அறுபத்துமூவர் வரிசையில் நிறுத்தின. நமக்குக் கைவந்தது எதுவோ, அதனை நாளை காலையிலேயே தொடங்குவோமாக. எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பானாக.

திருச்சிற்றம்பலம்.