பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்
(மொனராகலை தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வகுப்பில் தூங்கி விழும் ஒரு பிள்ளையை நான் பலமுறை ஏசியிருக்கிறேன். ராத்திரி லயத்தில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதால் அந்தப் பிள்ளை கண் மூடுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பிழை என்னுடையது.

வடகிழக்கில் யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட 296 தமிழ் மாணவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2008இல் வெளியானது. ஷெல்லும் கடலும் மட்டுமல்ல, வீட்டில் விழும் அடியும் பிள்ளையின் மனதைப் பாதிக்கிறது என்று அது காட்டியது. தகப்பனின் குடிக்கும் அந்த அடிக்கும் தொடர்பிருப்பதையும் கண்டார்கள்.

ஆனால் மனம் ஆறும். சுனாமிக்குப் பின் 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினர் தங்கள் கதையை முழுதாகச் சொன்னார்கள். மறு பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தில் இரு பகுதியிலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள்.

ஆகவே கேட்கிறேன். பிள்ளை வாய் திறந்தால் "பொய் சொல்லாதே" என்று அடக்காதீர்கள். திரும்பத் திரும்பத் துருவவும் வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன்மேல் பிழையில்லை" என்று சொல்லுங்கள். தீங்கு நடந்திருந்தால் மானத்துக்குப் பயந்து லயத்துக்குள்ளேயே பேசி முடிக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், காசு போகாது. தனியாக அழைக்கப் பயமென்றால் என்னிடம் வாருங்கள்.

சம்பளத்துக்காக ஒன்றாக நின்ற நாம், பிள்ளைக்காகவும் நிற்போம்.