ஓஸ்தியாவில் ஒரு முற்பகல்



ரோம் நகருக்குச் செல்வோர் கொலோசியம் என்னும் வட்டரங்கையும், பழைய மன்றத்தின் தூண்களையும், போப்பரசரின் மாளிகையையும் கண்டு வியந்து மீள்வர். அந்நகரிலிருந்து அரைநாளில் போய்த் திரும்பக் கூடிய ஓர் இடத்தைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். ஓஸ்தியா என்பது அதன் பெயர். அது பேரரசர்கள் அரியணையில் வீற்றிருந்த ஊர் அன்று. வணிகரும், மாலுமிகளும், ரொட்டி சுடுவோரும், மூட்டை சுமப்போரும் வாழ்ந்த துறைமுக ஊர். அதனால்தான் போலும், நம் பாடநூல்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நானும் என் ஆசிரியப் பணிக் காலத்தில் பேசியதில்லை. இதன் தொடர்பாக என்னிடம் ஒரு குறை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

பல ஆண்டுகளுக்கு முன் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பிற்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். யவனரின் மரக்கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகைப் பெற்றுச் சென்ற செய்தியை மிகுந்த பெருமிதத்தோடு விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் தந்தை கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர். “ஐயா, அந்த மூட்டைகளைச் சுமந்தவர்கள் யார்? அவர்களுக்குக் கூலி எவ்வளவு?” என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் இல்லை. “அது பரீட்சையில் வராது, உட்கார்” என்றேன். மாணவனின் கேள்வியே பாடத்தின் உயிர் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கட்டுரை எழுதி மதிப்பெண் பெற்றவன் நான்! அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆயினும் அன்று அவன் தலைகுனிந்து அமர்ந்த காட்சி என் நினைவை விட்டு நீங்கவே இல்லை.

இனிப் பயணத்திற்கு வருவோம். ஓஸ்தியா, ரோமுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. செஸ்தியுஸ் என்பவனின் கல்லறையாக எழுப்பப்பட்ட கூர்நுனிக் கோபுரம் ஒன்று ரோமின் தென்புற மதிலை ஒட்டி நிற்கிறது. அதன் அருகிலுள்ள நிலையத்தில் புகைவண்டி ஏறினால் அரைமணி நேரத்தில் ஓஸ்தியாவை அடையலாம். அந்நிலையத்திற்குச் சற்றுத் தொலைவில் 35 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று உண்டு. அது இயற்கைக் குன்று அன்று. எண்ணெய் நிரப்பி வந்த மண்சாடிகளை உடைத்துக் குவித்ததனால் எழுந்த செயற்கைக் குன்று! அச்சாடிகளில் பெரும்பாலானவை ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தவை. ஒரு மாநகரின் வயிறு எத்துணைப் பெரிது என்பதை ஓட்டாஞ்சில்லுகளே சொல்லும் இடம் அது.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தோம். வழிகாட்டியாக வந்தவர் நரை திரண்ட ஓர் அம்மையார். வாயிலில் நின்றபடியே அவர், “இன்று மூன்று மணி நேரம் நாம் நடக்கப் போகிறோம். பேரரசர்களைப் பற்றி ரோமில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே தரையைப் பாருங்கள்” என்றார். வகுப்பைத் தொடங்கத் தெரிந்தவர் என்று எண்ணிக்கொண்டேன்.

ஓஸ்தியா என்னும் பெயர், ‘வாய்’ அல்லது ‘கழிமுகம்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. திபேர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் அது. ரோமின் பழைய அரசருள் ஒருவனான அங்குஸ் மார்சியுஸ் அதை நிறுவினான் என்பது மரபு வழிச் செய்தி. ஆனால், அங்கே அகழ்ந்து கண்ட மிகப் பழைய மதில்கள் அவன் காலத்திற்கு நெடுநாள் பிற்பட்டவை. மரபும் மண்ணும் வேறுபடும் இடங்களில், இரண்டையும் கேட்டு, மண்ணை நம்புவதே வரலாற்று மாணவனுக்கு அழகு.

நகருள் நுழைந்ததும் கருங்கல் பாவிய நேரிய பெருந்தெரு ஒன்று நீண்டு கிடக்கிறது. கற்களில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்கள் இன்றும் உள்ளன. இருபுறமும் செங்கற் சுவர்கள்; அவற்றின் இடையே குடை விரித்தாற்போல் நிற்கும் பைன் மரங்கள். கடைகளின் வாயிற்படிகளை அம்மையார் காட்டினார். ஒவ்வொரு படியிலும் நீண்ட பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருந்தது. மரப்பலகைகளை அப்பள்ளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி இரவில் கடையை அடைப்பார்களாம். எனக்கு வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. என் சொந்த ஊர் மளிகைக் கடைக்காரர் எண்ணிட்ட பலகைகளை மாலைதோறும் செருகும் ஓசையே காதில் கேட்டது!

அப்பால் ஒரு பொதுக் குளிப்பிடம். அதன் தரையில், கடற்குதிரைகள் பூட்டி விரைந்து செல்லும் நெப்டியூன் என்னும் கடற்கடவுளைக் கருப்பும் வெள்ளையுமான சிறு கற்களால் தீட்டியிருக்கின்றனர். அதன் பின்புறம் தீயணைப்புக் காவலரின் பாசறை இருந்தது. தானியக் கிடங்குகள் நிறைந்த ஊரில் தீயைவிடப் பெரிய பகை எது? சற்று மேலே நடந்தால், மூவாயிரம் பேருக்குமேல் அமரத்தக்க நாடக அரங்கு. அரங்கின் பின்னால் விரிந்திருக்கும் சதுக்கமே ஓஸ்தியாவின் தனிச் சிறப்பு.

அச்சதுக்கத்தைச் சூழ்ந்து வணிகர் குழுக்களின் சிற்றறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வோர் அறையின் முன்னும் தரையில் ஒரு சித்திரம்: பாய் விரித்த கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் மரக்கால், துள்ளும் ஓங்கில். எழுதப் படிக்க அறியாதவனும் படத்தைப் பார்த்துத் தான் தேடி வந்த வணிகரைக் கண்டுகொள்ளலாம். கார்த்தேஜ், நார்பொன் முதலிய துறைமுகங்களின் பெயர்களையும் அங்கே படித்தோம். திடீரென்று ஒரு யானையைக் கண்டேன். “இது எங்கள் நாட்டு யானை!” என்று என்னை அறியாமலே கூவிவிட்டேன். அம்மையார் புன்னகையுடன் யானையின் மேலிருந்த எழுத்துகளைக் காட்டினார். அது சப்ராத்தா நகர வணிகரின் அடையாளம். அந்நகர் இன்றைய லிபியா நாட்டில் உள்ளது. வெட்கத்துடன் தலையசைத்தேன். மாணவர்களே, அயல்நாட்டில் நம் பெருமையைத் தேடும் கண்கள், அங்கே இருப்பதைக் காணாமல் போவதுண்டு. படித்துவிட்டுக் கூவுங்கள், கூவிவிட்டுப் படிக்காதீர்கள்.

பின்னர்க் கிடங்குகளைப் பார்த்தோம். பெருங்கிடங்கு ஒன்றில் தானிய அறைகளின் தளத்தைக் குட்டைச் சுவர்களின் மேல் உயர்த்தி அமைத்திருக்கின்றனர். கீழே காற்று உலவினால் ஈரம் ஏறாது; தானியம் புழுங்காது. மற்றொரு கிடங்கின் வாயிலில், செங்கல் தூண்களுக்கு மேலே பளிங்குப் பலகையில் உரிமையாளர் இருவரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன: எபகாத்துஸ், எபப்ரோதித்துஸ். இவை கிரேக்கப் பெயர்கள். இவ்விருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களாதல் வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் இடையில் எழுந்த கட்டடம் அது. விலைக்கு விற்கப்பட்ட மனிதன் ஒருவன், தன் பெயரைத் தன் கட்டடத்தின் நெற்றியில் எழுதிப் பார்த்த நாளில் என்ன எண்ணியிருப்பான்! அவ்வாயிலில் நான் நெடுநேரம் நின்றேன்.

அதன் பின் எருக்கல் ஆலைகள் போன்ற கரிய எந்திரக் கற்கள் நிற்கும் மாவரைக்கும் சாலையையும், மாடி வீடுகளையும், உணவுக் கடை ஒன்றையும் கண்டோம். அக்கடையில் பளிங்கு மேடையும், சுவரில் தீட்டிய உணவுப் பொருள்களின் படமும் இன்றும் உள்ளன. நகரின் பொதுக் கழிப்பிடத்தில் பளிங்கு இருக்கைகள் தடுப்பு ஏதுமின்றி வரிசையாக அமைந்திருப்பதைக் கண்டு குழுவினர் சிரித்தனர். ஆனால், அடியில் ஓடும் நீரால் தூய்மை காத்த ஏற்பாடு சிரிப்பிற்குரியது அன்று.

நடை முடிந்து ஒரு மர நிழலில் அமர்ந்தோம். அப்போதுதான் துணிந்து, என் மாணவன் கேட்ட கேள்வியை அம்மையாரிடம் கேட்டேன்: “இக்கிடங்குகளுக்கு மூட்டை சுமந்தவர்கள் யார்?”

அவர் தம் பையிலிருந்து ஓர் அச்சுப் படத்தை எடுத்தார். ஓஸ்தியாவின் கல்லறை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டு, இப்போது வாத்திகன் அருங்காட்சியகத்தில் உள்ள சுவரோவியத்தின் படி அது. தானியம் ஏற்றும் ஆற்றுப் படகு ஒன்று. அதன் பெயர் ‘ஈசிஸ் ஜெமினியானா’ என்று எழுதியிருக்கிறது. சுக்கான் அருகே நிற்கும் படகுத் தலைவன் பர்நாசெஸ். அவன் பெயரும் எழுதியிருக்கிறது. பண்டத்திற்கு உரியவன் போல் நிற்கும் ஒருவனுக்கும் பெயர் உண்டு. தோளில் மூட்டை சுமந்து, குனிந்தபடி பலகையின்மேல் ஏறுவோருக்கு மட்டும் பெயர் இல்லை. ஆனால், ஓர் உருவின் அருகே ஒரே ஒரு சொல் உள்ளது. ‘செய்து முடித்தேன்’ என்பது அதன் பொருள்.

மாணவர்களே, பல ஆண்டுகளாக நான் தேடாமல் விட்ட விடை என் மடியில் கிடந்தது.

கூலி எவ்வளவு என்பது அவனது இரண்டாம் கேள்வி. ஊர் திரும்பியதும் நூல்களைப் புரட்டினேன். கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர், கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியத்திற்கு விற்றது என்று எழுதியுள்ளார். ரோம ராத்தல் ஏறத்தாழ 327 கிராம். மத்தேயு எழுதிய நற்செய்தியில் வரும் உவமைக் கதையில், திராட்சைத் தோட்டக் கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு 1 தெனாரியம் பேசப்படுகிறது. நாடு வேறாயினும் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்துச் செய்திகள். ஒரு ராத்தல் மிளகின் விலை நான்கு நாள் உழைப்பு! ஐம்பது ராத்தல் மூட்டை ஒன்றைச் சுமந்தவன், தன் தோளில் இருநூறு நாள் கூலியைச் சுமந்தான். சேரநாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு, செங்கடலைக் கடந்து, எகிப்தின் பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேலும், நைல் ஆற்றில் படகின் மேலும் சென்று, அலெக்சாந்திரியா வழியாக இத்தாலியை அடைந்தது. வழியில் எத்தனை தோள்கள் மாறியிருக்கும்! நான் வகுப்பில் பொன்னை எண்ணினேன். அவன் தோள்களை எண்ணச் சொன்னான்.

அத்துணைச் சிறப்புடைய ஓஸ்தியா ஏன் அழிந்தது? பொம்பெயி நகரைப்போல் எரிமலையால் ஒருநாளில் மூடப்பட்டது அன்று. ஆறு கொணர்ந்த மணல் துறையைத் தூர்த்தது. கிளாடியுஸ் பேரரசர் கி. பி. 42இல் வடக்கே புதிய துறைமுகம் ஒன்றைத் தொடங்கினார். திராஜான் அதனருகே அறுகோண வடிவில் மற்றொன்றை அமைத்தார். காலப்போக்கில் வணிகம் அங்கே பெயர்ந்தது. காய்ச்சலும் கொள்ளையும் எஞ்சியோரை விரட்டின. இன்று கடல் அவ்வூரைவிட்டுச் சில கிலோமீட்டர் தொலைவு விலகிவிட்டது. 1557ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஆறும் தன் வழியை மாற்றிக்கொண்டது. மணல் மூடிக் காத்த நகரை, 1938 முதல் 1942 வரை, உலகப் பொருட்காட்சி ஒன்றிற்காக மிக விரைவாகத் தோண்டினர். பெரும் பரப்பு வெளிப்பட்டது; ஆனால், அந்த விரைவில் நுண்ணிய சான்றுகள் பல என்றும் திரும்பாதபடி மறைந்தன. பொருட்காட்சியோ போரினால் நடைபெறவே இல்லை! அவசரம், படிப்பிற்கும் அகழ்விற்கும் ஒருங்கே பகை.

நீங்கள் அயல்நாடு செல்லும் நாள் வரலாம், வராமலும் போகலாம். அரிக்கமேடும் கீழடியும் நம் அருகிலேயே உள்ளன. எங்கே சென்றாலும் ஒன்று செய்யுங்கள். போகுமுன் ஊரின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். மனத்தில் ஒரே ஒரு கேள்வியை ஏந்திச் செல்லுங்கள். கேள்வியோடு செல்பவனுக்கு அரைநாள் போதும். கேள்வி இல்லாதவனுக்கு அரைமாதமும் போதாது.

கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அந்த மாணவன் இன்று நடுவயதை எட்டியிருப்பான். எந்த ஊரில் என்ன தொழில் செய்கிறானோ, அறியேன். கடைத்தெருவிலோ பணிமனையிலோ இந்த வானொலிப் பேச்சு அவன் செவியில் விழுமானால், அவனுக்கு ஒன்று சொல்வேன்: தம்பி, உன் கேள்வி சரியான கேள்வி. அன்று எனக்கு விடை தெரியவில்லை. எழுந்து நில், இன்று வகுப்பு உன்னைக் கேட்கட்டும்.